போதிதர்மர் உடற்பயிற்சி: காஞ்சி இளவரசர் கற்றுக்கொடுத்ததா, தாவோ துறவி எழுதியதா? முழு விவரம்

தூத்துக்குடி துறைமுகத்தை நம்பியிருக்கும் ஷிப்பிங் அலுவலகங்களில் காலையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால், மதியச் சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருக்க முடியும். கப்பல் வரும் நேரம், கன்டெய்னர் எண், ஷிப்பிங் பில், சுங்கத்துறை போர்டல் எல்லாமே திரையில்தான் இருக்கின்றன. சாயங்காலம் எழுந்து நின்றால் கழுத்து முன்னால் நீண்டிருக்கும், தோள் உள்ளே சுருண்டிருக்கும், இடுப்பு நிமிர மறுக்கும்.

இந்த வலிக்குத் தீர்வு தேடி செல்போனைத் திறந்தால் ஒரு வீடியோ கண்டிப்பாக வரும். 1,500 ஆண்டுகளுக்கு முன்னால் காஞ்சிபுரத்திலிருந்து சீனாவுக்குப் போன தமிழ் இளவரசர் போதிதர்மர் கற்றுக்கொடுத்த பயிற்சி இது, பத்து நிமிஷம் செய்தால் கூன் நிமிரும் என்று அதில் சொல்வார்கள். வீடியோவில் இருப்பது உண்மையான, பழைய பயிற்சிதான். சந்தேகமெல்லாம் அதை உருவாக்கியவர் பெயரில்தான். யார் இந்த போதிதர்மர்? அவர் நிஜமாகவே உடற்பயிற்சி கற்றுக்கொடுத்தாரா? இல்லையென்றால் அது யாருடைய பயிற்சி? விரிவாகப் பார்ப்போம்.

கதை ஒரு முத்தில் தொடங்குகிறது

போதிதர்மரின் வாழ்க்கைக் கதை, சீனாவில் 1004-ஆம் ஆண்டு தொகுக்கப்பட்ட ஜிங்தே காலத்து விளக்கொளி வரலாறு என்ற நூலில் முழு வடிவம் பெறுகிறது. அதன்படி, தென்னிந்தியாவில் சியாங்ஜி என்றொரு நாடு. அதன் அரசர், பிரஜ்ஞாதாரர் என்ற பௌத்த ஆசாரியருக்கு விலைமதிப்பே இல்லாத ஒரு மணியைக் காணிக்கையாகக் கொடுக்கிறார். மணி என்பதற்கு அந்த நூல் பயன்படுத்தும் சீனச் சொல்லுக்கு முத்து என்றும் பொருள் உண்டு.

ஆசாரியர் அந்த முத்தை அரசரின் மூன்று மகன்களிடமும் காட்டி, இதற்கு ஈடாக ஏதாவது இருக்கிறதா என்று கேட்கிறார். மூத்தவர்கள் இருவரும் இதைவிட உயர்ந்த செல்வம் இல்லை என்கிறார்கள். மூன்றாவது மகன் மட்டும், முத்தின் ஒளி தன்னைத் தானே அறியாது, அதை ஒளி என்று அறிவதற்கே அறிவின் ஒளி வேண்டும், ஆகவே அதுதான் உயர்ந்தது என்கிறான். அந்தச் சிறுவனை ஆசாரியர் சீடனாக ஏற்று, போதிதர்மன் என்று பெயர் வைக்கிறார்.

சியாங்ஜி என்பது காஞ்சியாக இருக்கலாம் என்று பலர் கருதுகிறார்கள். போதிதர்மரைக் காஞ்சி இளவரசர் என்று சொல்வதற்கான அடிப்படை இதுதான்.

தென்னிந்திய அரசர் கையில் முத்து இருந்தது என்று ஒரு சீன எழுத்தாளர் எழுதியதில் ஆச்சரியம் இல்லை. போதிதர்மருக்கு 500 ஆண்டுகளுக்கும் முன்பே, ஹான் பேரரசின் தூதர்கள் தங்கமும் பட்டும் ஏற்றிக்கொண்டு முத்து வாங்க ஹுவாங்ஜி என்ற தூர நாட்டுக்குக் கடல்வழியே போனதாக ஹான் வரலாற்று நூல் சொல்கிறது. இந்த ஹுவாங்ஜியையும் காஞ்சி என்று அடையாளம் காண்பவர்கள் உண்டு. தமிழகத்து முத்து என்றால் அது பெரும்பாலும் மன்னார் வளைகுடா முத்து. அதன் துறை கொற்கை. சங்க இலக்கியம் திரும்பத் திரும்பப் பாடிய அந்தப் பாண்டியர் துறைமுகம், கடல் பின்வாங்கியதால் இன்று தூத்துக்குடி மாவட்டத்தில் கரையிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே ஒரு சின்ன ஊராக இருக்கிறது.

இதை வைத்து போதிதர்மர் தூத்துக்குடியில்தான் கப்பல் ஏறினார் என்று யாராவது அடுத்த வீடியோ போடலாம். அதற்கு எந்த ஆதாரமும் இல்லை. அவர் எந்தத் துறையிலிருந்து புறப்பட்டார் என்று பழைய நூல் எதுவும் சொல்லவில்லை.

பழைய சாட்சிகள் என்ன சொல்கின்றன?

மேலே சொன்ன முத்துக் கதை, போதிதர்மர் காலத்துக்கு சுமார் 500 ஆண்டுகள் கழித்து எழுதப்பட்டது. அவர் காலத்துக்கு அருகில் இருப்பவை மூன்று சாட்சிகள்தான்.

முதல் சாட்சி, யாங் சுவான்ஜி. கி.பி. 547 வாக்கில் லுவோயாங் நகரத்துப் பௌத்தக் கோயில்களைப் பற்றி எழுதியவர். நகரத்தில் யோங்நிங் என்ற பிரமாண்டமான கோயில் இருந்தது. 516-இல் கட்டியது, 534-இல் தீப்பிடித்து அழிந்தது. அதன் கோபுரத்தைப் பார்த்து ஒரு வெளிநாட்டுத் துறவி மலைத்துப்போய், பல நாட்கள் கைகூப்பி நின்றார் என்று எழுதுகிறார். அவர் பெயர் போதிதர்மர். தனக்கு 150 வயது என்று சொல்லிக்கொண்டாராம். ஆனால் யாங், அவரைப் பாரசீகத்தவர் என்கிறார்!

இரண்டாவது சாட்சி, தான்லின். போதிதர்மரின் போதனையாகச் சொல்லப்படும் ஒரு சிறு நூலுக்கு முன்னுரை எழுதியவர். அவர்தான் போதிதர்மரைத் தென்னிந்தியர், பேரரசர் ஒருவரின் மூன்றாவது மகன் என்று முதலில் பதிவு செய்தவர்.

மூன்றாவது சாட்சி, தாவ்சுவான். 645 வாக்கில் துறவிகளின் வரலாற்றைத் தொகுத்தவர். அவரும் தென்னிந்தியர் என்றே சொல்கிறார். போதிதர்மர் முதலில் தென்சீனாவுக்கு, லியூ சோங் அரச மரபு ஆண்ட காலத்தில் வந்தார் என்கிறார். அந்த மரபு 479-இல் முடிந்துவிட்டது. அப்படியானால் அவர் வந்தது அதற்கும் முன்னால்.

தென்னிந்தியர் என்பதற்கு இரண்டு பழைய சாட்சிகள் இருக்கின்றன. காஞ்சி என்பது பின்னால் வந்த ஊகம். பல்லவர் என்பது அதற்கும் பின்னால் வந்தது. இதுவரை கிடைத்த பல்லவர் கல்வெட்டிலோ, செப்பேட்டிலோ, நம் பழைய இலக்கியத்திலோ அவர் பெயர் இல்லை. அதற்காக அது நடக்கவே முடியாத கதை என்றும் தள்ள முடியாது. காஞ்சி பெரிய பௌத்த நகரமாக இருந்தது உண்மை. மணிமேகலையின் கடைசிக் காட்சிகள் காஞ்சியில்தான் நடக்கின்றன. 7-ஆம் நூற்றாண்டில் இந்தியா வந்த யுவான் சுவாங்கும் காஞ்சியைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார்.

பேரரசருக்குப் பிடிக்காத பதில்

தென்சீனாவில் இறங்கிய போதிதர்மர், லியாங் பேரரசர் வூவைச் சந்தித்ததாக ஒரு கதை உண்டு. வூ 502 முதல் 549 வரை ஆண்டவர். பௌத்தத்துக்கு அள்ளிக் கொடுத்தவர். கோயில் கட்டியிருக்கிறேன், துறவிகளை ஆதரித்திருக்கிறேன், எனக்கு எவ்வளவு புண்ணியம் சேர்ந்திருக்கும் என்று அவர் கேட்டாராம். ஒன்றுமே சேரவில்லை என்று போதிதர்மர் சொல்லிவிட்டாராம். பேரரசருக்கு இது பிடிபடவில்லை. போதிதர்மர் அரண்மனையை விட்டுக் கிளம்பி, யாங்சி ஆற்றை ஒரு நாணல் தண்டின் மேல் நின்று கடந்து வடக்கே போனார் என்கிறது கதை.

இந்தச் சந்திப்பு 8-ஆம் நூற்றாண்டு நூல்களில்தான் முதலில் தலைகாட்டுகிறது. நடந்ததா என்பது சந்தேகம். ஆனால் அவரை எப்படிப்பட்டவராகச் சீனர்கள் நினைவில் வைத்திருந்தார்கள் என்பதற்கு இது நல்ல சான்று. கணக்குப் பார்த்துச் செய்யும் நற்செயலை அவர் மதிக்கவில்லை. மனசை நேராகப் பார்க்கச் சொன்னார். அந்தத் தியான மரபுதான் சீனாவில் சான் என்றும், ஜப்பானில் ஸென் என்றும் பெயர் பெற்றது. தியானம் என்பதன் வடசொல் வடிவமான த்யான, பாலி மொழியில் ஜான என்றாகி, சீனர் வாயில் சான் ஆகி, ஜப்பானியர் வாயில் ஸென் ஆனது.

ஒன்பது ஆண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்தவர்

வடக்கே சோங் மலைப் பகுதிக்குப் போன போதிதர்மர், ஒரு குகையில் சுவரைப் பார்த்தபடி ஒன்பது ஆண்டுகள் அசையாமல் உட்கார்ந்தார் என்பதுதான் அவரைப் பற்றிய மிகப் பிரபலமான கதை.

சுவர் நோக்கல் என்ற சொல் தான்லின் முன்னுரையிலேயே இருக்கிறது. ஆனால் அதற்கு என்ன பொருள் என்பதில் இன்றுவரை ஒருமித்த கருத்து இல்லை. மனசைச் சுவர்போல அசையாமல் நிறுத்துவது என்று பொருள் சொல்பவர்கள் உண்டு. காலப்போக்கில் அது நிஜச் சுவராகவும், நிஜக் குகையாகவும், ஒன்பது ஆண்டுகளாகவும் வளர்ந்தது.

அந்தக் குகைக்குப் பக்கத்தில்தான் ஷாவ்லின் கோயில் இருக்கிறது. அதை நிறுவியவர் போதிதர்மர் அல்ல. 495 வாக்கில், பாதுவோ என்று சீனர்கள் அழைத்த இன்னொரு இந்தியத் துறவிக்காக வடக்கு வெய் பேரரசர் கட்டிக்கொடுத்தது அது. போதிதர்மரை ஷாவ்லினோடு இணைக்கும் குறிப்புகள் 8-ஆம் நூற்றாண்டில்தான் வரத் தொடங்குகின்றன.

அவருடைய முக்கியச் சீடர் ஹுவேகே. குருவின் மனம் இளக வேண்டும் என்று பனியில் நின்று தன் கையையே வெட்டிக் கொடுத்தார் என்பது கதை. அவருடைய கையை வெட்டியது கொள்ளையர்கள் என்று தாவ்சுவான் எழுதியிருக்கிறார். தன் போதனைக்கு ஆதாரமாக லங்காவதார சூத்திரம் என்ற நூலைச் சீடரிடம் போதிதர்மர் ஒப்படைத்தார் என்றும் சொல்கிறார்கள். புத்தர் இலங்கைக்கு வந்து உபதேசிப்பதாகத் தொடங்கும் நூல் அது.

போதிதர்மர் இறந்த ஆண்டு உறுதியாகத் தெரியாது. விஷம் வைக்கப்பட்டது என்றும், கரடிக்காது மலை என்ற இடத்தில் அடக்கம் செய்தார்கள் என்றும் பிற்கால நூல்கள் சொல்கின்றன. பிறகு இந்தியாவிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த சோங் யுன் என்ற தூதர், பாமீர் மலைப் பக்கம் போதிதர்மரைப் பார்த்தாராம். கையில் ஒற்றைச் செருப்போடு, சொந்த ஊருக்குப் போவதாகச் சொன்னாராம். சமாதியைத் திறந்து பார்த்தால், உள்ளே மிச்சம் இருந்தது இன்னொரு செருப்பு மட்டும்.

வாழ்க்கை இவ்வளவுதான். இதில் எங்கேயாவது உடற்பயிற்சி வந்ததா? இல்லை. அது எப்போது வந்தது?

உட்கார்ந்தே இருந்தால் என்ன ஆகும்? இரண்டு நாடு, இரண்டு கதை

ஒன்பது ஆண்டு உட்கார்ந்தவருடைய உடம்பு என்ன ஆகியிருக்கும்? இந்தக் கேள்வி கதை கேட்டவர்களுக்கும் வந்திருக்கிறது. ஜப்பானும் சீனாவும் ஆளுக்கொரு பதில் சொல்லின.

ஜப்பானியப் பதில்: கை கால் சூம்பிப்போய்விட்டது. அங்கே போதிதர்மருக்குப் பெயர் தருமா. கையும் காலும் இல்லாத, உருண்டையான, சிவப்பு நிற தருமா பொம்மையை அங்கே கடை கடையாகப் பார்க்கலாம். தகாசாகி நகரம் இதற்குப் பேர்போனது. ஒரு வேண்டுதல் வைத்து பொம்மைக்கு ஒரு கண்ணை வரைவார்கள், நிறைவேறினால் இன்னொரு கண். கீழே தள்ளினாலும் அது நிமிர்ந்துவிடும். நம்ம தஞ்சாவூர்ப் பொம்மை மாதிரியேதான்.

சீனப் பதில்: ஷாவ்லின் துறவிகள் தியானத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து உடம்பு தளர்ந்து கிடந்தார்கள். தூங்கி வழிந்தார்கள். அதைப் பார்த்த போதிதர்மர் அவர்களுக்கு ஒரு பயிற்சி வகுத்துக் கொடுத்தார். அதுதான் யீ ஜின் ஜிங். தசைநார்களை மாற்றும் நூல் என்று பொருள். நாம் பார்க்கும் வீடியோக்களின் மூலக்கதை இது. 2011-இல் வந்த 7-ஆம் அறிவு படத்துக்குப் பிறகு போதிதர்மர் பெயர் தமிழ்நாட்டில் வீட்டுக்கு வீடு தெரிந்துவிட்டதால், இந்தக் கதையும் அவரோடு சேர்ந்து இங்கே வேரூன்றிவிட்டது.

இரும்புப் பெட்டியில் கிடைத்த புத்தகம்

யீ ஜின் ஜிங் நூலுக்கு இரண்டு முன்னுரைகள் இருக்கின்றன. ஒன்று, தாங் பேரரசின் தளபதி லீ ஜிங் 628-இல் எழுதியதாம். இன்னொன்று, சோங் காலத்துப் படைத்தலைவர் நியூ காவ் 1142-இல் எழுதியதாம்.

லீ ஜிங் முன்னுரையில்தான் பெட்டிக் கதை வருகிறது. போதிதர்மர் மறைந்த பிறகு, அவர் பார்த்துக்கொண்டிருந்த சுவரைத் துறவிகள் பழுதுபார்க்கும்போது ஓர் இரும்புப் பெட்டி கிடைத்ததாம். உள்ளே இரண்டு புத்தகங்கள். ஒன்று மஜ்ஜையைக் கழுவும் நூல், அதை ஹுவேகே எடுத்துக்கொண்டார். இன்னொன்று தசைநார் மாற்றும் நூல், அது ஷாவ்லினிலேயே தங்கியது. பிறகு கைமாறிக் கைமாறி லீ ஜிங்கிடம் வந்தது.

ஒரு இடத்தில் கதை மாட்டிக்கொண்டது. தனக்கு இந்தப் புத்தகத்தைக் கொடுத்தவர் சுருட்டைத் தாடி வீரர் என்று முன்னுரை சொல்கிறது. சுருட்டைத் தாடி வீரர், தாங் காலத்துக் கதை ஒன்றின் கற்பனைப் பாத்திரம். லீ ஜிங்கையும் பாத்திரமாக வைத்து, அவர் இறந்து வெகுகாலம் கழித்துப் புனைந்த கதை அது. நிஜத் தளபதிக்குக் கதாபாத்திரம் எப்படிப் புத்தகம் கொடுக்க முடியும்?

இந்தக் குளறுபடியை லிங் திங்கான் (1757–1809) என்ற சீன அறிஞர் அப்போதே கேலி செய்திருக்கிறார். 1930 வாக்கில் தற்காப்புக்கலை வரலாற்றாளர் தாங் ஹாவ் இதை முறையாக ஆராய்ந்து, போதிதர்மர் பெயர் பின்னால் ஒட்டவைக்கப்பட்டது என்று காட்டினார். ஷாவ்லின் வரலாற்றை ஆராய்ந்த மெய்ர் ஷஹாரும் தன் 2008-ஆம் ஆண்டு நூலில் இதையே விரிவாக நிறுவுகிறார்.

நூலை எழுதியதாகக் கருதப்படுபவர், 1624-இல் அதற்குப் பின்னுரை எழுதிய ஸூநிங் தாவோரென் என்ற புனைபெயர்க்காரர். தாவோரென் என்றால் தாவோ நெறியைச் சேர்ந்தவர். தியான்தாய் மலையைச் சேர்ந்தவராகத் தன்னைச் சொல்லிக்கொண்டவர். ஆக, போதிதர்மர் பயிற்சி என்று நாம் கொண்டாடுவது, போதிதர்மருக்கு ஆயிரம் ஆண்டுகள் கழித்து ஒரு சீன தாவோ துறவி எழுதியது.

அவர் ஏன் சொந்தப் பெயரில் வெளியிடவில்லை? நம்ம ஊரிலும் இது தெரிந்த விஷயம்தான். பிற்காலத்து வைத்திய நூல் எத்தனையோ அகத்தியர் பெயரில் இருக்கிறது. பெரிய பெயர் இருந்தால் நூலுக்கு மதிப்பு வரும், பத்திரமாக இருக்கும். ஒன்பது ஆண்டு உட்கார்ந்தவர் பெயரைவிட, உட்கார்ந்து தளர்ந்தவர்களுக்கான பயிற்சிக்கு வேறு எந்தப் பெயர் பொருத்தமாக இருக்கும்?

அப்படியானால் இது யாருடைய மரபு?

ஸூநிங் தாவோரெனும் இதைக் காற்றிலிருந்து பிடித்து எழுதவில்லை. சீனாவில் தாவோயின் என்றொரு பழைய மரபு இருக்கிறது. வழிநடத்துதல், இழுத்து நீட்டுதல் என்று அதற்குப் பொருள் சொல்லலாம். மூச்சை வழிநடத்து, உடம்பை நீட்டு. அவ்வளவுதான் அடிப்படை.

1970-களின் தொடக்கத்தில் சாங்ஷா நகரில் மாவாங்துய் என்ற இடத்துக் கல்லறைகளைத் தோண்டினார்கள். கி.மு. 168-இல் மூடிய ஒரு கல்லறையில் பட்டுத்துணி ஓவியம் ஒன்று கிடைத்தது. அதில் 44 உருவங்கள். ஆண், பெண், இளையவர், முதியவர் என்று எல்லாரும் விதவிதமாகக் கைகால் நீட்டி வளைந்து நிற்கிறார்கள். சில படங்களுக்குப் பக்கத்தில் எந்த நோய்க்கு எது என்ற குறிப்பும் இருக்கிறது. போதிதர்மர் சீனாவில் கால் வைப்பதற்கு 600 ஆண்டுகளுக்கும் முந்தையது இது.

அதற்குப் பின்னால் ஹுவா துவோ என்ற மருத்துவர் வருகிறார். 2-ஆம் நூற்றாண்டின் கடைசியில் வாழ்ந்தவர். புலி, மான், கரடி, குரங்கு, பறவை ஆகிய ஐந்தின் அசைவுகளை வைத்துப் பயிற்சி வகுத்தார். அடிக்கடி திறந்து மூடும் கதவின் கீல் உளுத்துப்போகாது, உடம்பும் அப்படித்தான் என்பது அவர் வாதம். சோங் காலத்தில் பா துவான் ஜின், அதாவது எட்டுப் பட்டுத் துண்டுகள் என்ற தொகுப்பு பரவியது. தாவோ துறவிகள் நீண்ட ஆயுளுக்காக இந்த மரபை வளர்த்தார்கள். யீ ஜின் ஜிங் அதன் ஒரு கிளை. இன்று நாம் பார்க்கும் 12 நிலைகளின் படங்கள் 19-ஆம் நூற்றாண்டுப் பதிப்புகள் வழியாகத்தான் பரவலாயின.

2000-களின் தொடக்கத்தில் சீன அரசின் விளையாட்டுத் துறை, மக்கள் உடல்நலத்துக்காக நான்கு பழைய பயிற்சிகளை ஒழுங்குபடுத்தி வெளியிட்டது. யீ ஜின் ஜிங், ஐந்து விலங்குப் பயிற்சி, ஆறு ஒலிப் பயிற்சி, எட்டுப் பட்டுத் துண்டுகள். இன்றைய வீடியோக்களில் பெரும்பாலும் இருப்பது இந்த வடிவங்கள்தான்.

திருச்செந்தூருக்கும் இதற்கும் ஒரு தொடர்பு

அப்போ நமக்கும் இந்தப் பயிற்சிக்கும் சம்பந்தமே இல்லையா? இருக்கிறது. வீடியோ சொல்லும் இடத்தில் இல்லை, வேறு இடத்தில்.

யீ ஜின் ஜிங்கின் முதல் நிலைக்கு வெய்தோ தன் ஆயுதத்தை ஏந்துதல் என்று பெயர். வெய்தோ, சீனப் பௌத்தக் கோயில்களின் காவல் தெய்வம். கவசம் அணிந்த இளம் தளபதியாக நிற்பார். ஸ்கந்தன் என்ற வடமொழிப் பெயரின் சீன எழுத்துப்பெயர்ப்பு பிரதி எடுக்கும்போது திரிந்து வெய்தோ ஆனது என்பது பல ஆய்வாளர்களின் கருத்து. ஸ்கந்தன் என்றால் கந்தன். தூத்துக்குடியிலிருந்து கடற்கரையோடு சுமார் 40 கி.மீ. போனால் திருச்செந்தூரில் அலையோரம் நிற்கிறாரே, அவர்தான்.

நிஜமான தொடர்பு இப்படித்தான் வேலை செய்கிறது. ஒரு பெயர் கடலோ மலையோ தாண்டிப் போய், உருமாறி, வேறு ஒருவர் கைவினையில் ஒட்டிக்கொள்கிறது.

மேஜை முன்னால் உட்காருபவர்கள் என்ன செய்யலாம்?

ஒரு மனிதத் தலை சுமார் 5 கிலோ எடை. அது தோளுக்கு நேர் மேலே இருக்கும்வரை பிரச்சினை இல்லை. திரையைப் பார்த்து முன்னால் நீள நீள, அதைத் தாங்கும் பின்கழுத்துத் தசைகளுக்கு வேலை கூடுகிறது. மணிக்கணக்காக மடங்கியே இருக்கும் இடுப்பின் முன்பக்கத் தசைகள் இறுகுகின்றன. மார்பு சுருங்குகிறது. இதற்கு நேர் எதிரான அசைவுகள் யீ ஜின் ஜிங்கில் நிறைய இருக்கின்றன. மூன்றை மட்டும் பார்ப்போம். எல்லாவற்றையும் மெதுவாக, இயல்பான மூச்சோடு செய்ய வேண்டும்.

1. வெய்தோ நிலை: கால்களைத் தோள் அகலத்துக்கு வைத்து நில்லுங்கள். கைகளை மார்புக்கு முன்னால் கும்பிடுவதுபோல் கொண்டு வாருங்கள். பிறகு இரண்டு பக்கமும் தோள் உயரத்துக்கு விரியுங்கள். அடுத்து உள்ளங்கை வானத்தைப் பார்க்கும்படி தலைக்கு மேலே தாங்கி, குதிகாலை லேசாக உயர்த்துங்கள். இறக்கும்போது அவசரம் வேண்டாம்.

2. நட்சத்திரம் பறித்தல்: ஒரு கையின் பின்புறத்தை இடுப்புக்குப் பின்னால் வையுங்கள். இன்னொரு கையை உயர்த்தி, உள்ளங்கை கீழே பார்க்கும்படி தலைக்கு மேலே வைத்து, அந்த உள்ளங்கையைப் பாருங்கள். திரையையே பார்த்துக்கொண்டிருந்த கழுத்து மேலே திரும்பும். பிறகு கை மாற்றுங்கள்.

3. வாள் உருவுதல்: ஒரு கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய் எதிர்ப்பக்கக் காதைத் தொடுங்கள். இன்னொரு கை முதுகுக்குப் பின்னால். முழங்கையை அகல விரித்து மார்பைத் திறந்து, உடம்பைப் பக்கவாட்டில் திருப்புங்கள். பிறகு முழங்கையை மடக்கி முன்னால் கொண்டு வாருங்கள். முடிந்த அளவு போதும், பிடித்து இழுக்கக் கூடாது.

டிஸ்க் பிரச்சினை, கைக்கோ காலுக்கோ இறங்கும் வலி, மரத்துப்போதல், தலைசுற்றல் இருப்பவர்கள் மருத்துவரிடம் கேட்ட பிறகே தொடங்க வேண்டும். ஆழமாகக் குனியும் கடைசி நிலைகளைத் தெரிந்தவர் முன்னால் கற்பது நல்லது.

பலன் இருக்கிறதா?

யீ ஜின் ஜிங், பா துவான் ஜின் பயிற்சிகளைப் பற்றிப் பல ஆய்வுகள் வந்திருக்கின்றன. வலி, உடல் வளைவு, சமநிலை போன்றவற்றில் முன்னேற்றம் இருப்பதாகச் சொல்பவை உண்டு. ஆனால் நிறைய ஆய்வுகள் சிறியவை. கூன் அடியோடு போய்விடும் என்று சத்தியம் செய்து கொடுக்க அவை போதாது.

உலக சுகாதார அமைப்பின் 2020 வழிகாட்டுதல் எளிமையானது. பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான உடலியக்கம் வேண்டும், உட்காரும் நேரத்தைக் குறைக்க வேண்டும், உட்காரும் நேரத்துக்குப் பதில் எந்த அளவு அசைவு வந்தாலும் நல்லது. அந்த அசைவு தாவோயினாக இருக்கலாம், சூரிய நமஸ்காரமாக இருக்கலாம், துறைமுக வாசல்வரை ஒரு நடையாகவும் இருக்கலாம். காலையில் பத்து நிமிஷம் செய்துவிட்டு மீதி நாள் முழுக்க அசையாமல் இருந்தால் எந்தப் பயிற்சியும் காப்பாற்றாது.

தூத்துக்குடிக்கு இது புதுசாக வந்த பிரச்சினை. இங்கே வேலை என்றாலே ஒரு காலத்தில் உடம்புதான். கல்லில் கால் ஊன்றி, மூச்சை அடக்கி, கடலடியில் இருக்கும் முத்துப் பாருக்கு இறங்கியவர்களின் ஊர் இது. கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961-இல். 1974-இல் தூத்துக்குடி பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. பிறகு மூட்டை கன்டெய்னராகி, பேரேடு கம்ப்யூட்டராகி, வேலையில் பெரும்பகுதி நாற்காலிக்கு வந்துவிட்டது. தாத்தா முப்பது பேரோடு தோணியில் போனார், பேரன் ஏசி அறையில் முதுகுவலியோடு உட்கார்ந்திருக்கிறான்.

எதை நம்பலாம்?

சுருக்கமாகச் சொன்னால் இதுதான். போதிதர்மர் என்றொரு துறவி இருந்தார், அவர் தென்னிந்தியராக இருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. காஞ்சி என்பது ஊகம். அவர் உடற்பயிற்சி கற்றுக்கொடுத்தார் என்பதற்கு ஆதாரம் இல்லை. பயிற்சி சீன தாவோ மரபுடையது, ரொம்பப் பழையது, அளவோடு செய்தால் நல்லது.

இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரலாம், தமிழன் பெருமையைக் குறைப்பதாக. போதிதர்மர் கதையிலேயே இதற்கு விடை இருக்கிறது. முத்தைக் காட்டியபோது அந்தச் சிறுவன் அது யாருடையது என்று பார்க்கவில்லை. இவ்வளவு புண்ணியம் செய்தேன் என்று பேரரசர் கணக்குக் காட்டியபோதும் அதை அவர் ஏற்கவில்லை. அப்படிப்பட்டவர் பெயரில், அவர் செய்யாத ஒன்றை வரவு வைப்பது அவருக்கு மரியாதை ஆகாது. உருவாக்கியவர்களுக்கு நன்றி சொல்லிவிட்டு நாமும் செய்யலாம், அதில் நமக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

இந்தக் கட்டுரையை எழுதி முடிப்பதற்குள் மூன்று முறை கூன் விழுந்து உட்கார்ந்திருப்பதைக் கவனித்து நிமிர்ந்தேன். இதுவரை படித்த நீங்களும் பத்து நிமிஷத்துக்கு மேல் ஒரே இடத்தில்தான் இருந்திருப்பீங்க. செல்போனைக் கீழே வைத்துவிட்டு, ஒரு தடவை எழுந்து கையை மேலே தூக்கி நீட்டிட்டு வாங்க.